அந்த வழக்கை ஒருவர் எடுத்தே ஆக வேண்டும்

கூலாயில் ஒரு பையன் போதைப்பொருளோடு பிடிபட்டான் என்று செய்தி வந்தால், நம்மவர்கள் முதலில் கேட்பது யார் வீட்டுப் பிள்ளை என்று. பிறகு வளர்ப்பைப் பற்றி நாலு வார்த்தை வரும். அவனுக்காக ஒரு வழக்கறிஞர் வந்து நிற்கிறார் என்று தெரிந்ததும் பேச்சின் தொனியே மாறிவிடும். “காசு கொடுத்தா பேய்க்குக்கூட வாதாடுவானுங்க இந்த லாயருங்க.” சாப்பாட்டுக் கடையில், கல்யாண மண்டபத்தில், கோயில் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்கள்: “சட்டப்படி சரியா இருக்கலாம், மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா?”

வம்புப் பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும். வழக்கறிஞரைப் பற்றிய இந்தக் கருத்து மட்டும் அடங்குவதே இல்லை. வழக்குக்கு வழக்கு அது கெட்டிப்பட்டு, இன்று கிட்டத்தட்ட ஒரு பொது நியாயமாகவே நம்மிடையே நிற்கிறது. அது தவறு என்பது என் கட்சி. யாரை விடவும் நமக்குத்தான் அதனால் கேடு என்பதும் என் கட்சி.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். பையையும் பொட்டலத்தையும் போலீஸ் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறது. செய்தது யாரென்று ஊருக்கே தெரியும், வக்கீலுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் எழுந்து நின்று, கையெழுத்து இல்லை, தேதி இல்லை, எடை ஒத்துவரவில்லை என்று ஓட்டை தேடுகிறார். வழக்கு உடைகிறது. ஆறு மாதத்தில் அதே ஆள் அதே தாமானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறான். அவனால் ஒரு பிள்ளை சீரழிந்தால் அதில் வக்கீலுக்குப் பங்கில்லையா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர், போதைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கோபம் போய்ச் சேரும் இடத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

“தெரியும்” என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். எப்படித் தெரியும்?

2014 டிசம்பரில் ஷாங்காயிலிருந்து மெல்பர்ன் போகும் வழியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் மரியா எக்ஸ்போஸ்டோ என்ற ஆஸ்திரேலியப் பெண் பிடிபட்டார். அவர் தூக்கி வந்த பையில் 1.1 கிலோ சியாபு. பை அவர் கையில், போதைப்பொருள் பைக்குள். இதைவிடத் தெளிவான வழக்கு வேண்டுமா? இணையத்தில் அமெரிக்க இராணுவ வீரன் என்று சொல்லிக் காதலித்தவனை நம்பிப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பையைக் கொடுத்தனுப்பினார் என்பது அவர் தரப்பு. பேரப் பிள்ளைகள் உள்ள ஒரு பாட்டி இப்படி ஏமாறுவாரா என்று சிரித்தவர்கள் நிறையப் பேர். உயர்நீதிமன்றம் 2017இல் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தூக்குத் தண்டனை விதித்தது. 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவரை முற்றாக விடுதலை செய்தது. ஒரே சாட்சியம், ஒரே பை, மூன்று படி. இடையில் ஒரு வழக்கறிஞர் சோர்ந்து விலகியிருந்தால் அந்தப் பாட்டி தூக்குக் கயிற்றின் நிழலிலேயே கிடந்திருப்பார். அவருக்காக வாதாடிய முகமது ஷாஃபி அப்துல்லாவைப் பல காரணங்களுக்காகப் பலருக்குப் பிடிக்காது. அந்த வழக்கில் அவர் செய்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாது.

வெளிநாட்டுப் பாட்டிக்கு நடந்தது நம் பையனுக்கும் நடக்கும் என்று அர்த்தமில்லை என்பீர்கள். சரி, நம் பையன் வழக்கையே பார்ப்போம்.

கூலாயில் பிடிபடுபவனின் 39பி வழக்கு, அதாவது போதைப்பொருள் கடத்தல் வழக்கு, கடைசியில் போய்ச் சேருவது ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்துக்கு. மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டு வாசிப்பதோடு சரி, விசாரணை அங்கேதான். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. சட்டத்தைத் திட்டுகிறவர்கள் ஒரு நாளாவது போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொருளைக் கைப்பற்றிய அதிகாரி சாட்சிக் கூண்டில் நிற்பார். முத்திரையிட்ட உறையைப் பிரித்து, பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது நான் குறித்த எழுத்து, இது என் கையெழுத்து, இது தேதி என்று அடையாளம் காட்டுவார். அதன்பின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேட்கும் கேள்விகள் பார்ப்பவர்களுக்கு எரிச்சலூட்டும். கைப்பற்றிய இடத்திலேயே குறித்தீர்களா, நிலையத்துக்கு வந்த பிறகா? வழியில் யார் கையில் இருந்தது? பொருள் வைத்த அறையின் சாவி எத்தனை பேரிடம்? வீட்டில் எத்தனை பேர் குடியிருந்தார்கள்? அந்த அறைக்குப் பூட்டு உண்டா? கார் யார் பெயரில் இருக்கிறது, அன்று காலை அதை ஓட்டியது யார்?

இதைத்தான் ஓட்டை தேடுவது என்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். 15 கிராம் ஹெராயினோ அதற்கு மேலோ இருந்தால், 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு அவனைக் கடத்தல்காரன் என்றே அனுமானித்துக்கொள்ளும். கஞ்சாவுக்கு அந்த எல்லை 200 கிராம், சியாபுக்கு 50. கணக்கில் வருவது பொட்டலத்தின் மொத்த எடை கிடையாது. இரசாயன இலாகா சோதித்துச் சொல்லும் சுத்த எடை. பதினாலரை கிராமுக்கும் பதினைந்தரை கிராமுக்கும் இடையில் ஒரு மனிதனின் உயிர் இருக்கும்போது, எடை போட்ட முறையைக் கேட்பது ஓட்டை தேடுவதா? சாவி யாரிடம் இருந்தது என்று கேட்காமல், பொருள் யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாம் “தெரியும்” என்று சொல்வதெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த போலீஸ் செய்தி. அந்தச் செய்தி மெய்யா என்று சோதிக்கும் ஒரே இடம் அந்த நீதிமன்ற அறை. அங்கே சோதிக்கிறவர் அந்த ஒருவர்தான். அவரை எழுந்து போகச் சொல்லிவிட்டுத் தீர்ப்பை மட்டும் நம்புவது எப்படி?

நம் நாட்டு நீதிமன்றங்கள் இதை வெகுகாலமாகவே சொல்லி வருகின்றன. பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியான சுஃபியான் 1963இல் மாட் என்பவரின் வழக்கில் எழுதிய தீர்ப்பைக் குற்றவியல் வழக்கறிஞர்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். எதிரியின் விளக்கத்தை நீதிபதி நம்பினால் விடுதலை. நம்பாவிட்டாலும், அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் அப்போதும் விடுதலை. நம்பவும் இல்லை, சந்தேகமும் எழவில்லை என்றால் மட்டுமே தண்டனை. அந்த நடுப் படியைத்தான் நம் பேச்சு அழித்துவிடுகிறது. நமக்கு நம்பினால் நல்லவன், நம்பாவிட்டால் கெட்டவன்.

போதைப்பொருள் சட்டத்தில் 37ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. பொருள் கையில் இருந்தது என்று ஓர் அனுமானம், அந்த அனுமானத்தின் மேல் கடத்தினான் என்று இன்னோர் அனுமானம் என இரண்டையும் அடுக்க அது வழி செய்தது. 2019 ஏப்ரலில் அல்மா நுடோ அதென்சா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தூக்கியெறிந்தது. வழக்கின் நாயகி பிலிப்பீன்ஸ்காரர், போதைப்பொருள் கடத்தினார் என்று தண்டிக்கப்பட்டவர். ஊர்க் கணக்கில் “வாதாடத் தகுதியில்லாத” கட்சிக்காரர். அவருக்காக ஒருவர் எழுந்து நின்றதால், கூலாயில் நாளை பிடிபடப் போகும் யாரோ ஒரு பையன் மேல் அந்த இரட்டை அனுமானம் விழாது. கெட்ட பெயர் எடுத்தவர்களின் வழக்குகளில்தான் எல்லோருக்குமான சட்டம் எழுதப்படுகிறது. நல்ல பெயர் எடுத்தவர்கள் மேல் யாரும் 39பி போடுவதில்லை.

வழக்கறிஞர் ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. நம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் கடற்பாலம். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் கூலாயிலும் செனாயிலும் தெருவுக்குத் தெரு உண்டு. கடனில் மாட்டியவனைத் தேடிப் பிடித்து “ஒரு பொட்டலம், ஒரே தடவை” என்று சொல்கிறவனுக்கும் அந்தப் பாலம் நன்றாகத் தெரியும். 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்ட ஈப்போ இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ மதிப்பீடு சொன்னது. அவருக்காகக் கடைசிக் கட்டத்தில் மனுப் போட்ட எம். ரவி, வயலெட் நெட்டோ இருவரும் நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. பின்னர், 2022 மே மாதத்தில், செலவுத் தொகையாக 20,000 சிங்கப்பூர் வெள்ளி கட்டவும் உத்தரவிட்டது. 2022 ஏப்ரல் 26ஆம் தேதி, தூக்குக்கு முந்தின நாள், கடைசி மனு விசாரணைக்கு வந்தபோது எழுந்து நிற்க வழக்கறிஞர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் துணையோடு நாகேந்திரனின் தாயாரே நீதிபதிகள் முன் நின்றார். சட்டம் தெரியாத ஒரு தமிழ்த் தாய், மகனின் உயிருக்காக மூன்று நீதிபதிகளிடம் தானே பேசினார். மறுநாள் விடியற்காலை மகனைத் தூக்கிலிட்டார்கள்.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றை நம்மில் பலர் கவனிக்கவில்லை. ஜொகூர் பாருவைச் சேர்ந்த தட்சிணாமூர்த்தி காத்தையாவுக்கு ஏப்ரல் 29ஆம் தேதி தூக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். அவருக்கும் வழக்கறிஞர் கிடைக்கவில்லை. தானே நீதிமன்றத்தில் வாதாடினார். சிறையிலிருந்து எழுதிய கடிதங்களை அதிகாரிகள் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கொடுத்த விவகாரத்தில் தன் பெயரும் உள்ள சிவில் வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது, அது முடியும் முன் தன்னைத் தூக்கிலிடக்கூடாது என்பது அவர் வாதம். அந்த வாதம் எடுபட்டது. தூக்கு நின்றது. அதை எதிர்த்து அரசு போட்ட முறையீடும் தள்ளுபடியானது. சட்டக் கல்லூரி வாசல் மிதிக்காத ஒரு மரண தண்டனைக் கைதி எடுத்து வைத்த அந்த ஒரு வாதத்தால் அவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் உயிர் கிடைத்தது. 2025 செப்டம்பர் 25ஆம் தேதிதான் அவரைத் தூக்கிலிட்டார்கள். எடுத்துச் சொல்ல ஒரு நியாயமான வாதம் இருந்தும், அதைச் சொல்ல ஒரு வழக்கறிஞர் அன்று இல்லை. 2022 ஆகஸ்டில், செலவு உத்தரவுகளுக்கு அஞ்சி வழக்கறிஞர்கள் தங்கள் பக்கம் வர மறுக்கிறார்கள் என்று 24 மரண தண்டனைக் கைதிகள் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கையும் அவர்களே வாதாட வேண்டியிருந்தது. தோற்றார்கள்.

நம் ஊர்ப் பேச்சு கேட்பதும் இதே நிலைமையைத்தான். அங்கே அபராதம் செய்த வேலையை இங்கே அவமானம் செய்யட்டும் என்கிறோம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை வழக்கறிஞர்களே இந்தக் கருத்தைக் கையில் எடுத்தார்கள். 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில், காது கேளாத 11 வயதுச் சிறுமியை அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஊழியர்கள் மாதக்கணக்கில் சீரழித்த கொடுமை வெளிவந்தது. 17 பேரைக் கைது செய்தார்கள். அவர்களை மகளிர் நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தபோது, கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞர்களே சூழ்ந்துகொண்டு மாடிப்படியில் வைத்து அடித்தார்கள். உயர்நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம், இவர்களுக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராக மாட்டார்கள் என்று அறிவித்தது. நாடே கைதட்டியது. அந்தச் செய்தியைப் படித்த யாருக்குத்தான் கை பரபரக்கவில்லை?

2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 15 பேர் குற்றவாளிகள். ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். மிச்சமிருந்த ஒருவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. மாடிப்படியில் விழுந்த அடிகளில் எத்தனை அந்த ஒருவர் முதுகில் விழுந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அறிவிப்பு அப்படியே நின்றிருந்தால் 17 பேருக்கும் ஒரே முடிவுதான். அந்த ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தெடுத்தது விசாரணை. எதிர்த்தரப்பில் ஆள் இருந்தால்தான் அதற்கு விசாரணை என்று பெயர்.

இப்படிச் சங்கமாகக் கூடிக் கதவைச் சாத்துவது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு எட்டாண்டு முன்பே சொல்லியிருந்தது. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல். போலீஸாருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு, இத்தகைய தீர்மானங்கள் அரசியலமைப்புக்கும் தொழில் நெறிக்கும் விரோதம், சட்டத்தின் முன் வெற்றுக் காகிதம் என்று தீர்ப்பளித்தது. அங்கே ஊர் வெறுத்தது போலீஸை. வெறுப்பு யார் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டி யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

இதை எழுதும்போது ராஜீவ் காந்தி கொலை வழக்கை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1998 ஜனவரி 28ஆம் தேதி பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் பாக்கியில்லை. அந்த வழக்கில் எதிரிகள் தரப்பில் நிற்பது அன்று எத்தகைய பழி என்பதை அந்தக் காலத்தில் பத்திரிகை படித்த எவரும் அறிவார். சு. துரைசாமி போன்றவர்கள் கீழ் நீதிமன்றத்தில் நின்றார்கள். மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1999 மே 11ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது 26 தூக்கில் நான்குதான் மிஞ்சியது. மூவருக்கு ஆயுள். 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். அந்த நான்கு பேரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய மத்திய புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என்று 2013இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 19 வயதில் உள்ளே போன பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். அன்றைய மனநிலையில் “மனசாட்சியுள்ள எந்த வக்கீலும் இதைத் தொடமாட்டார்” என்று சொன்னவர்கள் ஜெயித்திருந்தால், 26 பிணங்களும் ஒரு பொய்யான நிம்மதியும் மிஞ்சியிருக்கும்.

சிறுபிள்ளையைச் சீரழித்தவன் வழக்கைச் சொல்லித்தான் என்னை எப்போதும் மடக்குவார்கள். “போதைப்பொருளை விடுங்க. அந்தக் குழந்தைய கூண்டுல நிக்க வச்சு, நீ பொய் சொல்றன்னு ஒருத்தன் கேக்கறானே, அது நியாயமா?” இதற்குச் சுலபமான பதில் கிடையாது. அந்தக் குழந்தையின் வேதனை நிஜம். சாட்சியை அவமானப்படுத்தி, மிரட்டி, அழவைத்து ஜெயிக்கப் பார்க்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பதும் நிஜம். அவர்களுக்காக நான் ஒரு வார்த்தைகூடப் பேசப் போவதில்லை. அவமானப்படுத்துவதற்கென்றே கேட்கும் கேள்விகளை நீதிபதி தடுக்க வேண்டும் என்று நம் சாட்சியச் சட்டமே சொல்கிறது. குழந்தைச் சாட்சிகளுக்காக 2007இல் தனிச் சட்டம் வந்தது. திரை மறைவிலிருந்தும் காணொளி வழியாகவும் சாட்சி சொல்ல அது வழி செய்கிறது. 2017இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. அதே ஆண்டு புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமும் வந்தது. இவற்றை நடைமுறையில் கறாராகப் பிடிக்காத நீதிபதியைக் கேளுங்கள், எல்லை மீறும் வழக்கறிஞர் மேல் வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுங்கள். நானும் கூட வருகிறேன்.

ஆனால் எதிரிக்கு வழக்கறிஞரே வேண்டாம் என்றால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாத எதிரியின் குறுக்கு விசாரணைக் கேள்விகளை அவனே வகுப்பான். சீரழித்தவனின் கேள்விகளுக்கே சீரழிக்கப்பட்டவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிடக் கொடுமை உண்டா? அப்படியே தண்டனை கிடைத்தாலும், முறையான பிரதிநிதித்துவம் இல்லாமல் நடந்த விசாரணை என்று மேல் நீதிமன்றம் அதை உடைத்து மறு விசாரணைக்கு அனுப்பலாம். ஆறிவரும் புண்ணைக் கிளறி, அந்தப் பிள்ளை மறுபடி அதே அறையில் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதிரித் தரப்பில் திறமையான, நாகரிகமான வழக்கறிஞர் நின்று வாதாடித் தோற்ற வழக்கின் தண்டனைதான் அசையாமல் நிற்கும். பாதிக்கப்பட்டவளுக்கு வேண்டியது அந்த அசையாத தண்டனை.

“செய்தேன் என்று அவனே வக்கீலிடம் ஒப்புக்கொண்டால்?” என்றும் கேட்பார்கள். ஒப்புக்கொண்டவனுக்காகப் பொய்ச் சாட்சி நிறுத்த வழக்கறிஞருக்கு உரிமையில்லை. வேறொருவன் செய்தான் என்று கதை கட்டவும் உரிமையில்லை. அரசுத் தரப்பு தன் குற்றச்சாட்டை நிரூபித்ததா என்று மட்டும் கேட்கலாம், தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் காரணம் காட்டலாம். அந்த இரண்டாவது வேலை எவ்வளவு பெரியது என்பது 2023 ஜூலை 4ஆம் தேதிக்குப் பிறகு நமக்குப் புரிந்திருக்க வேண்டும். கட்டாய மரண தண்டனை ஒழிந்த நாள் அது. அதுவரை 39பியில் குற்றவாளி என்றானால், மிகக் குறுகிய விலக்கு ஒன்று தவிர, நீதிபதிக்கு வேறு வழியில்லை. இப்போது தூக்கா, ஆயுள் சிறையும் பிரம்படியுமா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் வயதென்ன, யார் ஏவினார்கள், எவ்வளவு கூலி, வீட்டில் என்ன நிலைமை என்பதையெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். ஏற்கெனவே தூக்குக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கானோரின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறுபடி பார்க்கத் தொடங்கியபோது, ஒவ்வொருவர் சார்பிலும் ஒரு வழக்கறிஞர் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் செய்தவர்கள்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று உயிரோடிருக்கிறார்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். காசுக்காக வாதாடுகிறார்கள் என்பது பெரிய கண்டுபிடிப்பில்லை. டாக்டரும் காசுக்காகத்தான் அறுவை செய்கிறார். காசு உள்ளவனுக்கு நல்ல வழக்கறிஞர் கிடைக்கிறார், இல்லாதவனுக்குக் கிடைப்பதில்லை என்பதே உண்மையான அநியாயம். 1945இல் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விழுந்தபோது, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போக அவர்களுக்கு வசதி இருந்தது. அங்கிருந்து வழக்கு திரும்பி வந்து, வி.எல். எத்திராஜ் வாதாடி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி ஏது? மரண தண்டனை வழக்கில் வழக்கறிஞர் இல்லாதவனுக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கிறது. 2012இல் செயல்படத் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழியாக, லோக்காப் சட்டையோடு மாஜிஸ்திரேட் முன் நிற்கிறவனுக்காக ரிமாண்ட் விசாரணையிலேயே வழக்கறிஞர்கள் போய் நிற்கிறார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் தொகை, அவர்கள் மற்ற வழக்குகளில் வாங்குவதோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. பேராசைக்காரன் என்று நாம் ஏசும் கூட்டத்தில்தான் இவர்களும் இருக்கிறார்கள். இளைய தமிழ் வழக்கறிஞர்கள் குற்றவியல் பக்கமே வராமல் வீடு, நிலம், கடன் பத்திரம் என்று ஒதுங்குவதற்கு நம் ஏச்சும் ஒரு காரணம். பெண் பார்க்கப் போகும் இடத்தில்கூட “கிரிமினல் லாயரா?” என்று இழுக்கிறார்கள்.

நம் முன்னோர்களிடம் இந்தக் கூச்சம் இருந்ததில்லை. அவசரகாலத்தில், 1952இல், லீ மெங் என்ற கம்யூனிஸ்ட் பெண் கையெறி குண்டு வைத்திருந்ததாக ஈப்போவில் வழக்கு. கம்யூனிஸ்ட் என்றாலே தோட்டங்களிலும் நகரங்களிலும் ஜனம் நடுங்கிய காலம். அவருக்காக நின்றவர் எஸ்.பி. சீனிவாசகம். முதல் விசாரணையில் மதிப்பீட்டாளர்கள் இருவருமே குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் மதிப்பீட்டாளர்கள் பிரிந்து நின்றார்கள், ஆனாலும் தூக்கு விழுந்தது. மேல்முறையீடுகள் தோற்ற பிறகு, 1953இல் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். சீனிவாசகம் கம்யூனிஸ்ட் ஆகிவிடவில்லை. அவரும் தம்பி டி.ஆரும் ஏழைகளின் வழக்கறிஞர்கள் என்று இன்றும் ஈப்போவில் பெயர் சொல்கிறார்கள். யாரும் “கம்யூனிஸ்டுக்கு வாதாடியவர்” என்று இழிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கட்சிக்காரரின் பாவம் வழக்கறிஞர் தலையில் விழும் என்று அஞ்சுகிறவர்களுக்கு நம் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1978ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் நெறி விதிகளில் இரண்டாவது விதி, தான் தொழில் செய்யும் நீதிமன்றத்தில் தேடி வரும் வழக்கை உரிய கட்டணத்துக்கு ஏற்பதையே கடமையாக வைக்கிறது. மறுப்பதற்குத்தான் விசேஷக் காரணம் வேண்டும். ஊர் பேசும் நியாயம் அதைத் தலைகீழாக்கி, ஏற்பதற்குக் காரணம் கேட்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) பிரிவு கைதான எவருக்கும் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையைத் தருகிறது. “நல்லவனாக இருந்தால்” என்று அதில் ஒரு நிபந்தனை இல்லை.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 பேரைச் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்துப் போனார்கள். மலாக்கா காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா உறுப்பினர் குணசேகரனும் அவர்களில் உண்டு. பத்து ஆண்டுக்கு முன்பே அழிந்துபோன ஓர் இயக்கத்தின் படமும் பதிவும் வைத்திருந்ததற்காகப் பயங்கரவாதக் குற்றச்சாட்டு. ஜாமீன் கிடையாது. அந்த வாரம் கூலாயில் நான் கேட்ட பேச்சே வேறு. “யார் லாயர்? நல்லா பேசுவாரா? இந்தக் கேஸெல்லாம் பழக்கமா அவருக்கு?” நவம்பரில், சொஸ்மாவின் ஜாமீன் மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று சாமிநாதன் மனுவில் நீதிபதி நஸ்லான் தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞர் டோமி தாமஸ் குற்றச்சாட்டுகளை மொத்தமாகக் கைவிட்டார். நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். சொஸ்மா வழக்கில் ஒரு வழக்கறிஞருக்குப் பழக்கம் எங்கிருந்து வரும்? அந்தச் சட்டத்தில் பிடிபடுகிறவர்களில் நிறையப் பேர் குண்டர் கும்பல் என்று சொல்லப்படுகிற ஆட்கள். அவர்களுக்காக மாதக்கணக்கில் ஏறி இறங்கி, ஒவ்வொரு பிரிவையும் முட்டி மோதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கும். நமக்குத் தேவைப்படும்போது “பழக்கமா?” என்று விசாரித்துத் தேடிப் போவதும் அவர்களையே. அடுத்த வழக்கில் அவர்கள் எதிரிக் கூண்டுக்கு முன்னால் நிற்கும்போது, “இவனுக்கும் வந்து நிக்கிறான் பாரு” என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?